நான்காவது கட்டையில் ஒரு தயக்கம்

அன்று காலை வசந்தாமணி, சிகிச்சை நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருந்த பிளாஸ்டிக் செடியின் இலைகளைக் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்மணி ஒரு முறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தாள். கை சும்மா இருந்தால் வசந்தாமணிக்கு மனசு நடுங்கும். நடுங்கவும் காரணம் இருந்தது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் சேனாபதி உட்கார்ந்திருந்தார். அவருக்குள் இன்னும் அவர் இருக்கிறாரா இல்லையா என்பது அந்த அறையில்தான் அன்றைக்கு முடிவாகப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

முன்பெல்லாம் அவளும் உள்ளேதான் இருப்பாள். பேச்சுப் பயிற்சி தரும் தீக்ஷா ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன அங்கிள்?" என்று கேட்பாள். சேனாபதியின் உதடு அசைவதற்குள் வசந்தாமணியின் உதடு அசைந்துவிடும். "வாழப்..." என்று பாதியில் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"ஆன்ட்டி, தெரபி யாருக்கு? உங்களுக்கா, அங்கிளுக்கா?"

"அவருக்குத்தான் அம்முணி. நா ஒண்ணுஞ் சொல்லலியே."

"சொன்னீங்க. ஃபுல் ஃப்ரூட் பாஸ்கெட்டும் நீங்கதான் சொன்னீங்க. ப்ளீஸ், வெளிய வெயிட் பண்றீங்களா?"

தீக்ஷா கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபமே வராது. சென்னையிலிருந்து வந்த பெற்றோருக்கு சான் ரமோனில் பிறந்த பெண். தமிழ் முழுக்கப் புரியும். பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே இங்கிலீஷ் முந்திக்கொள்ளும். வசந்தாமணிக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கதவைப் பிடிக்காது.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகிக் கிளம்பிய வசந்தாமணி நேராகப் போய் இறங்கியது ஜப்பானில். சேனாபதி அங்கே குமாமோட்டோ பக்கம் ஒரு சிப் தொழிற்சாலையில் எஞ்சினியர். மகள் வெண்பா அங்கேதான் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் குடும்பம் ஃப்ரீமான்ட்டுக்கு வந்தது. மௌரி அவென்யூவில் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் கிடைத்ததும் வசந்தாமணி அமெரிக்காவை மன்னித்து ஏற்றுக்கொண்டாள். வெண்பா வளர்ந்து, டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் போய்ப் படிக்க ஆரம்பித்தாள். வீட்டில் இருவர் மட்டும். அந்த அமைதி பழகுவதற்குள் போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கராஜில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சேனாபதி அப்படியே சரிந்து விழுந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் கட்டி.

உயிர் திரும்பியது. மெல்ல மெல்லக் காலும் திரும்பியது. வலது கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவே இல்லை. தமிழும் போனது, இங்கிலீஷும் போனது. "காபி வேணுங்களா மாமா?" என்றால் தலையாட்டுவார். சந்தேகப்பட்டு, "காபி வேண்டாங்களா?" என்று கேட்டால் அதற்கும் அதே தலையாட்டல். அப்போதெல்லாம் வசந்தாமணி சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டு வருவாள்.

ஈரோட்டிலிருந்து அவருடைய அண்ணன் போனில் சொன்னார்: "அவனுக்கு ஒண்ணும் புரியறதில்லீன்னா அங்க கெடந்து எதுக்கு வசந்தா சிரமப்படறே? கூட்டியாந்துரு. இங்க நாங்க சோறு போட்டுப் பாத்துக்குவோம்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளைக் குத்தியது. சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆளா அவர்?

அப்புறம் ஒரு நாள் அந்த அதிசயம் நடந்தது. காலையில் அவருக்குக் கையைத் தூக்கி இறக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள், ஏதோ நினைவில் தமிழில் எண்ணாமல், அந்தக் காலத்து ஜப்பான் பழக்கத்தில் ஆரம்பித்தாள். "இச்சி, நி..."

"சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹாச்சி, கு, ஜூ."

பத்து வரைக்கும், ஒரே மூச்சில், சேனாபதியின் சொந்தக் குரலில்! மாதக்கணக்கில் கேட்காத குரல். வசந்தாமணி அவர் கையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெண்பாவைக் கூப்பிட்டு அழுதாள். அடுத்த வகுப்பில் தீக்ஷாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

தீக்ஷா சந்தோஷப்பட்டாள். ஆனால் பொய் சொல்லவில்லை.

"ஆன்ட்டி, ஹானஸ்ட்டா சொல்லட்டுமா? இது ஆட்டோமேட்டிக் ஸ்பீச். ஒரு பாட்டு மாதிரி. ஃபர்ஸ்ட் லைன் எடுத்துக் குடுத்தா மிச்சம் தானா வரும். அவர் யோசிச்சு சொல்றார்னு இதுக்கு அர்த்தம் இல்ல."

"அப்ப டேப் ரிக்கார்டருங்கறயா அம்முணி?"

"நான் அப்படிச் சொல்லல. இது ஒரு டோர். உள்ள யார் இருக்காங்கன்னு இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

அதன்பின் தீக்ஷா ஒரு வழி கண்டுபிடித்தாள். மேஜையில் பத்து மரக்கட்டைகளை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணச் சொல்லிப் பார்க்கலாம் என்றாள். வாயில் வருகிற எண்ணும் கையில் இருக்கிற கட்டையும் ஒன்று சேர்ந்தால், அது பாட்டு இல்லை, புத்தி. ஜப்பானிய எண்கள் அவளுக்கும் தெரியும். "மிடில் ஸ்கூல் வரைக்கும் கராத்தே போனேன் ஆன்ட்டி. டென் வரைக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்" என்றாள்.

அன்று மறுமதிப்பீடு. கட்டைச் சோதனையும் அன்றுதான். முன்னேற்றம் உண்டு என்று தீக்ஷா எழுதினால் பயிற்சி தொடரும். இல்லை என்றால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அடுத்த வாரத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஈரோட்டுக்காரரிடம் அவள் என்ன பதில் சொல்வாள்? அதைவிட, தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்வாள்?

செடியில் துடைக்க இனி இலை இல்லை. கதவு திறந்தது.

"ஆன்ட்டி, உள்ள வாங்க."

குரலிலேயே தெரிந்துவிட்டது. சேனாபதி மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தீக்ஷா வசந்தாமணியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சும்மா சொல்லச் சொன்னா டென்னும் கரெக்ட்டா சொல்றார். கட்டைய மூவ் பண்ணி எண்ணச் சொன்னா ஃபோர், செவன், நைன் மூணும் தப்பா வருது. அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நிக்கறார். த்ரீ டைம்ஸ் பண்ணிப் பாத்தேன். சேம் திங். வாயில சரியா வர்ற நம்பரே கட்டையில தப்புதுன்னா, இருக்கறதும் கொறையுதோன்னு..." அவள் முடிக்காமல் மடிக்கணினியை மூடினாள். "நான் நியூராலஜிஸ்ட்டுக்கும் எழுதணும். ஐ ஆம் ஸோ ஸாரி ஆன்ட்டி."

இருந்ததும் போகிறது. வாசல் வரை வந்தவர் திரும்பி நடக்கிறார். பண்ணாரியம்மா, இதைக் கேட்கவா என்னை இத்தனை தூரம் கொண்டுவந்து உட்கார வைத்தாய்? அவள் கணவரின் தோளில் கை வைத்தாள். "பரவாயில்லீங்க மாமா. உடுங்க. நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

சேனாபதி எழுந்திருக்கவில்லை. அவர் இடது கை ஒரு கட்டையைப் பிடித்திருந்தது. அதை மேஜையில் ஓங்கித் தட்டினார். கோபம் என்பதே தெரியாத மனிதர். முகம் சிவந்திருந்தது. வசந்தாமணியைப் பார்த்தார். ஏற்கெனவே நகர்த்தி வைத்திருந்த மூன்று கட்டைகளைப் பார்த்தார். கையிலிருந்த நான்காவதை அவற்றின் பக்கத்தில் வைத்தார். உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது.

"யோன்."

"பாத்தீங்களா ஆன்ட்டி? இதான். ஷின்னு சொல்லணும், வேற ஏதோ..."

"இரு அம்முணி, இரு!" வசந்தாமணியின் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. "ஏழுக்கு என்ன சொன்னாரு?"

"நானா."

"ஒம்பதுக்கு?"

"கியூ மாதிரி ஏதோ."

வசந்தாமணி சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலேயே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தீக்ஷா பயந்துபோய் டிஷ்யூப் பெட்டியை நீட்டினாள்.

"தப்பே இல்ல கண்ணு! யோன்னாலும் நாலுதான். நானான்னாலும் ஏழுதான். க்யூன்னாலும் ஒம்பதுதான். அங்க இந்த மூணுக்கும் ரெண்டு பேரு இருக்குது. எங்க எதைச் சொல்லோணும்னு ஒரு பழக்கம் இருக்குது. நீ கராத்தேல என்னத்தை எண்ணுனே?"

"பஞ்ச், கிக்..."

"குத்தும் ஒதையும்! அதுக்கு ஷி, ஷிச்சிதான். கடகடன்னு தாளத்துக்கு வரும். இவரு கம்பெனிலயும் காலைல எல்லாரையும் நிக்க வெச்சு எக்ஸர்சைஸ் பண்ணச் சொல்லுவாங்கொ. அதுக்கும் அதே ஷி, ஷிச்சி. ஆனா உள்ள போயி சாமான எண்ணறப்ப அப்படிச் சொல்ல மாட்டாங்கொ. மூஞ்சிய மூடி மாஸ்க்கு போட்டிருப்பாங்கொ, மெஷின் சத்தம் வேற. வெரல நீட்டி, ஒவ்வொண்ணா காட்டி, வாய் உட்டு எண்ணோணும். அப்ப யோன், நானா, க்யூ. அதான் தெளிவா கேக்கும்."

தொழிற்சாலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. விமான நிலையத்தில் பெட்டிகளை அப்படித்தான் எண்ணுவார். கடையிலிருந்து வந்து காரிலிருந்து இறக்கும் பைகளையும் அப்படித்தான். விரலை நீட்டி, சத்தமாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "அம்மா, அப்பா ஃபேக்டரி மோட்ல இருக்கார்" என்று வெண்பா தலையில் அடித்துக்கொள்வாள். வசந்தாமணியும் எத்தனை கேலி பேசியிருப்பாள்!

தீக்ஷா புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸோ... ஒரே நம்பர். ஆனா இடத்தைப் பாத்து வேற வேர்ட்?"

"எங்கூர்லயுந்தான் இருக்குது. நெல்லு அளக்கறப்ப மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்பாங்க. லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். அதுக்காக ஊட்டுல எத்தன கொழந்தைன்னு கேட்டா லாபம்னா சொல்லுவாங்க?"

தீக்ஷாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே அடக்கிக்கொண்டாள். அவள் நல்ல பெண். நல்ல பெண்ணாக இருப்பதால்தான் அவசரப்படவில்லை.

"ஆன்ட்டி, எனக்கும் அப்படி இருக்கணும்னு ஆசையா இருக்கு. பட், ரெண்டு வேர்டும் மிக்ஸ் ஆகி வர்றதுக்கும், அவரே சூஸ் பண்ணிச் சொல்றதுக்கும் டிஃபரன்ஸ் இருக்கு. மிக்ஸ் ஆனா எங்க வேணும்னாலும் மாறும். சூஸ் பண்ணா மாறாது. செக் பண்ணலாமா? நீங்க இங்கயே இருங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

"சத்தியமா தொறக்க மாட்டேன்."

"லிப்ஸும் அசையக் கூடாது."

வசந்தாமணி துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

தீக்ஷா எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். சேனாபதியும் தூக்கினார். வலது கை தோளோடு நின்றது. தூக்கி இறக்கி எண்ணினார்கள். இச்சி, நி, சான், ஷி. தடங்கல் இல்லாமல் ஷி. தடங்கல் இல்லாமல் ஷிச்சி. கு, ஜூ.

உடனே கட்டைகள். இச்சி. நி. சான். நான்காவது கட்டையைத் தொட்டதும் நின்றார். வசந்தாமணி துப்பட்டாவை இன்னும் அழுத்திக் கடித்தாள். "யோன்." ஏழில் மறுபடி நின்றார். "நானா." ஒன்பதில் நின்றார். "க்யூ."

மறுபடி கைகள்: ஷி. மறுபடி கட்டைகள்: யோன். இந்த முறை கட்டைகளுக்குப் பதிலாகக் காகிதக் கோப்பைகளை வைத்தாள் தீக்ஷா. யோன், நானா, க்யூ.

கடைசியாக அவள் ஒரு காரியம் செய்தாள். பத்துக் கோப்பைகளையும் அடுக்கி வைத்து, ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். மிச்சம் எத்தனை என்று கையால் கேட்டாள். கராத்தேயில் யாரும் பின்னோக்கி எண்ணுவதில்லை. மனப்பாடச் சங்கிலி முன்னால்தான் இழுபடும், பின்னால் இழுபடாது. அவர் சொன்னால் தேடித்தான் சொல்ல வேண்டும்.

"ஹாச்சி" என்றார் சேனாபதி. நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒன்றை எடுத்தாள். "நானா." ரோக்கு. கோ என்று சொல்ல வெகுநேரம் ஆயிற்று. "யோன்." அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

போதும். போதுங்க மாமா, போதும்! வசந்தாமணி ஓடிப்போய் அவர் நெற்றியைத் துப்பட்டாவால் ஒற்றினாள்.

தீக்ஷா தன் மடிக்கணினியைத் திறந்தாள். அதில் அவள் காலையில் போட்டிருந்த தப்புக் குறிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள்.

"நடுவுல நின்ன அந்த கேப் இருக்கே ஆன்ட்டி, நான் மறதின்னு நெனச்சேன். அங்கிள் நின்னு, எது சரின்னு தேடியிருக்கார். வாயில ஈஸியா வர்ற வேர்டைத் தள்ளிட்டு, இங்க எது கரெக்ட்டோ அதை எடுத்திருக்கார்." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சேனாபதியின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்க பெஸ்ட் ஆன்ஸருக்கெல்லாம் நான் ராங் போட்டேன். ஸாரி. வீ ஆர் நாட் ஸ்டாப்பிங். அடுத்த வாரமும் நீங்க வர்றீங்க."

வசந்தாமணி கைபேசியில் வெண்பாவைக் கூப்பிட்டாள். ரிச்சர்ட்சனில் வகுப்பு முடிந்து எங்கோ மரத்தடியில் நின்றுகொண்டிருந்த வெண்பாவின் முகம் திரையில் வந்தது.

"அம்மா, வாட் ஹேப்பன்ட்? ஏன் அழறீங்க? அப்பாக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி, நல்ல சேதிதான். அப்பா யோசிச்சு, யோன், நானான்னு எண்ணறாரு. எல்லாம் தெரியுது அவருக்கு. இந்தா, இந்த அம்முணி சொல்லுது பாரு."

"ஃபேக்டரி மோடா?" வெண்பா சிரிக்கவும் அழவும் தெரியாமல் கேட்டாள். "அப்பா, ஸே ஸம்திங்!"

"அவசரப்படுத்தாத. களைச்சுப் போயிருக்காரு."

களைத்துத்தான் போயிருந்தார். ஆனால் அவர் இடது கை மெல்ல உயர்ந்தது. சுட்டுவிரல் நீண்டது. வசந்தாமணியை நோக்கி நின்றது.

"ஹிதோரி."

விரல் தீக்ஷாவிடம் போனது.

"ஃபுதாரி."

கைபேசித் திரையில் இருந்த மகளின் முகத்துக்கு நகர்ந்தது.

"சான்... நின்."

இதுவரை இத்தனை எண்ணிலும் யாரும் எடுத்துக் கொடுக்காத வார்த்தைகள். அறையில் எண்ணுவதற்கு வேறு யாரும் இல்லை. விரல் மட்டும் காற்றில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. அடுத்ததைத் தேடுகிறதா, முடிந்துவிட்டதா என்று வசந்தாமணிக்குத் தெரியவில்லை. பிறகு அந்த விரல் மெதுவாக வளைந்து, திரும்பி, அவருடைய சொந்த நெஞ்சைத் தொட்டது.

"யோ-நின்."

தீக்ஷா கிசுகிசுத்தாள். "ஆன்ட்டி, இது என்ன? ஷியும் இல்ல, யோனும் இல்ல."

குமாமோட்டோவில் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒவ்வொரு முறையும் கேட்பார்களே, எத்தனை பேர் என்று, அதற்குச் சொல்லும் கணக்கு அது.

"மனுசங்கள எண்ணற கணக்கு அம்முணி. சாமானுக்கு ஒண்ணு, மனுசனுக்கு ஒண்ணு. நாம நாலு பேருங்கறாரு. அவரையுஞ் சேத்தி... அவரையுஞ் சேத்தி நாலு பேருங்கறாரு!"

திரையில் வெண்பா முகத்தை மூடிக்கொண்டாள். தீக்ஷா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வசந்தாமணி அவர் நெஞ்சில் இருந்த அந்த விரலைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதக்கணக்கில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள், அவருக்காக முடிவெடுத்தார்கள், அவருக்குப் பதிலாகப் பதிலும் சொன்னார்கள். அவர்களோடு தானும் ஓர் ஆள் என்று அன்றைக்கு அவரே எண்ணிச் சொல்லிவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அவருக்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு, வசந்தாமணி தன் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்ப முடியவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தபடி வாய்விட்டு நன்றி சொல்லத் தொடங்கினாள். பண்ணாரியம்மாவுக்குச் சொன்னாள். தீக்ஷாவுக்கும், அவளைப் பெற்ற சான் ரமோன்காரர்களுக்கும் சொன்னாள். ரத்தக் கட்டி எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போகாமல் ஒரு மூலையை விட்டுவைத்ததே, அதற்குச் சொன்னாள். வேலைக்குப் புதிதாய் வந்த ஒரு தமிழ்ப் பையனைப் பக்கத்தில் நிற்க வைத்து, விரலை நீட்டு, சத்தமாய் எண்ணு, சரியான பெயரைச் சொல்லு என்று பழக்கிய, முகம் தெரியாத அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்றாள். ஈரோட்டு அண்ணனையும் விடவில்லை. இனி அவருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது, அதற்கும் நன்றி என்றாள்.

சேனாபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டியல் முடிகிற வழியைக் காணோம். கடைசியில் அவர் இடது கையை நீட்டி, கண்ணாடிக்கு வெளியே மௌரி அவென்யூவைக் காட்டினார்.

"ஆச்சுங்க, ஆச்சு. போறேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வசந்தாமணி வண்டியைக் கிளப்பினாள்.